சாவுப்பக்கிதான் என்று சொன்னேன்

ஏரிக்கரை ஊரான தோணிரேவில் இன்றைக்கும் ஒரு கதை சொல்கிறார்கள். அக்காவுக்கு ஏரிப்பங்கு கிடைக்கவேண்டும் என்பதற்காக, பழவேற்காட்டு ஒல்லாந்தர் கோட்டையில் எழுத்து வேலை பார்க்கும் தம்பி வந்து, ஊர்க்கூட்டத்தில் சாவுப்பக்கியைக் கல்லுப்பக்கி என்று சாதித்துவிட்டானாம். படித்தவன் வாயால் பறவையையே மாற்றிவிட்டான் என்கிறார்கள்.

நான் அப்படிச் சொல்லவில்லை. சாவுப்பக்கிதான் என்று சொன்னேன். சொன்னது பங்குனி மாதம், வளர்பிறையில் ஒரு வியாழக்கிழமை, வெயில் தாழ்ந்த பிறகு. வருஷத்தின் பெயரையும் ஆட்களின் பெயர்களையும் எழுதாமல் விடுகிறேன், ஏனென்றால் அந்தக் கூட்டத்தில் இருந்தவர்களில் பாதிப்பேர் இன்னும் வலை இழுத்துக்கொண்டிருக்கிறார்கள். மற்றபடி இதில் ஒரு வரியாவது தப்பு என்றால் யார் வேண்டுமானாலும் பழவேற்காட்டுக்கு வந்து என் முகத்துக்கு நேரே சொல்லலாம்.

முதலில் பறவைகள். பொழுது சாய்ந்ததும் பூச்சி பிடிக்கக் கிளம்பும் பக்கி எங்கள் ஏரிக்கரையில் இரண்டு வகை. பகலில் இரண்டும் மணலிலும் முள்ளுப்புதர் அடியிலும் சருகோடு சருகாகக் கிடக்கும். மிதிக்கப் போகும்போதுதான் காலடியிலிருந்து சத்தமில்லாமல் எழும். இரண்டுக்கும் அலகு சிறியது. ஆனால் வாயைத் திறந்தால் தலையே பிளந்த மாதிரி இருக்கும். வாயோரம் மீசைமயிர் உண்டு. கிளையில் உட்கார்ந்தால் மற்றப் பறவைகளைப் போலக் குறுக்காக உட்காராமல், கிளையின் நீளவாக்கில் படுத்துக்கொள்ளும். கையில் வைத்துப் பார்த்தாலும் அவசரக்காரனுக்கு இரண்டும் ஒன்றுதான்.

குரல் கேட்டால் குழப்பம் இல்லை. தட்டையான கல்லை ஏரிமேல் வீசினால் முதலில் இடம்விட்டு இடம்விட்டுத் தத்தும், பிறகு நெருங்கி நெருங்கித் தத்தி, கடைசியில் உருண்டு முழுகும். அந்தத் தாளத்தில் தரையில் உட்கார்ந்து கத்துவது கல்லுப்பக்கி. அது கத்தினால் இறால் நடமாடுகிறது என்று சந்தோஷப்படுவார்கள். மற்றது பறந்துகொண்டே ஒரே கீச்சாகக் கத்தும், ஈரக் கயிறு மரத்தில் உரசுகிற மாதிரி. அதுதான் சாவுப்பக்கி. அது ஒரு வீட்டுக்கு வந்து பழகிவிட்டால் அந்த வீட்டில் அடுத்த சாவு காத்திருக்கிறது என்பார்கள். அந்த வீட்டாரைத் தொட்டவர்களுக்கும், அந்த வீட்டுப் பொருளைக் கையில் எடுத்தவர்களுக்கும் அது ஒட்டிக்கொள்ளும் என்பார்கள்.

சிரமம் என்னவென்றால், சாவுப்பக்கி எல்லா நேரமும் கத்துவதில்லை. சில மாலைகளில் வாயே திறக்காமல் பூச்சியைத் தின்றுவிட்டுப் போகும். அப்போது எது எது என்று தெரியாமல் ஊர் தன்பாட்டுக்குப் பேச ஆரம்பித்துவிடும். என் அக்கா விஷயத்தில் அதுதான் நடந்தது.

என் நைனா ஒல்லாந்தர் கப்பலுக்குத் துணிமூட்டை ஏற்றுகிற படகில் துடுப்புப் போட்டவர். அதனால்தான் நான் கோட்டைப் பள்ளிக்கூடத்தில் உட்கார முடிந்தது. அக்காவைத் தோணிரேவில் கொடுத்தோம். அவள் புருஷன், என் மாமா, மார்கழி மாதம் ஜுரத்தில் போனார். பிள்ளை ஒன்றுதான், பெண் குழந்தை. மாமாவின் தம்பிக்குச் சொந்தமாக ஒரு பங்கு ஏற்கெனவே இருந்தது. அண்ணன் பங்கும் தனக்கே வரும் என்று காரியம் முடிவதற்குள்ளேயே சொல்லிக்கொண்டு திரிந்தார்.

ஏரியில் வலை கட்டும் இடங்கள் எல்லாம் ஒன்றுபோல் இல்லை. முகத்துவாரத்துப் பக்கம் நீரோட்டத்தோடு இறால் வரும். உள்ளே சேற்றுப்பக்கம் போனால் நண்டு கிழித்த வலைதான் மிஞ்சும். அதனால் சண்டை வராமல் இருக்க, எந்த வீட்டுக்கு எந்த இடம் என்று குலுக்கிப் போடுவார்கள். அந்த முறைக்குப் பாடு என்று பெயர். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு சிப்பி, அதில் அந்த வீட்டின் குறி கீறியிருக்கும். எல்லாச் சிப்பியும் புதுப்பானைக்குள் போகும். ஏரியில் பங்கு இல்லாத ஒருவர்தான் கையை விட்டு எடுக்கவேண்டும். வழக்கமாக அம்மன் கோயில் பூசாரி எடுப்பார். பானைக்குள் விழுந்த சிப்பியை, குலுக்கல் முறையில் தவிர வேறு விதமாக வெளியே எடுக்கக்கூடாது. எடுத்தால் அந்தப் பருவம் முழுக்க யாருக்கும் மீன் படாது என்பது கட்டு.

அக்கா தன் வீட்டுச் சிப்பியை இந்தப் பங்குனிக் குலுக்கலில் தானே போடப்போவதாகச் சொன்னாள். கல்யாணத்துக்கு முன்பிருந்தே, பிடித்ததைப் போட்டுக்கொள்ளும் ஓலைப்பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, இடுப்பளவுத் தண்ணீரில் குனிந்து, கையால் இறால் தடவியவள். ஏரியின் அடித்தரை அவளுக்குப் பாதத்தால் தெரியும். ஆள் வைத்து வலை கட்டுவேன், நானும் கூடப் போவேன் என்றாள். பங்கு ஆளுக்கா வீட்டுக்கா என்று அவள் கேட்டபோது, எங்கள் பக்கத்தில் நாட்டாமை செய்யும் பெரியதனக்காரர் பேச்சை வேறு பக்கம் திருப்பினார். வீட்டுக்குத்தான் என்பது எல்லாருக்கும் தெரியும். மாமாவின் தம்பி முகம் சுருங்கிப்போனார்.

அந்தச் சமயத்தில் பக்கி வந்தது.

அக்கா புது வலை பின்னிக்கொண்டிருந்தாள். பகலெல்லாம் கூலிக்கு மீன் காயவைக்கப் போய்விடுவதால், மாலையில்தான் பின்னவேண்டும். வாசலில் ஒரு கழியை நட்டு, புன்னையெண்ணெய் விளக்கைத் தொங்கவிட்டு, அதன் கீழே உட்கார்ந்து பின்னுவாள். விளக்குக்குப் பூச்சி வந்தது. பூச்சிக்குப் பக்கி வந்தது. கூரையின் முகட்டில் உட்கார்ந்து, எழும்பி ஒரு வட்டம் அடித்து, மறுபடி அங்கேயே வந்து உட்கார்ந்தது. அடுத்த மாலையும் வந்தது. அதற்கடுத்த மாலையும் வந்தது. கத்தவில்லை. மாமாவின் தம்பி ஊர் முழுக்கச் சொல்லிவிட்டார்: அண்ணன் வீட்டுக்குச் சாவுப்பக்கி பழகிவிட்டது, அந்த வீட்டுச் சிப்பி பானைக்குள் வரக்கூடாது, வந்தால் எல்லாருடைய உயிருக்கும் ஆபத்து.

எனக்குச் செய்தி வந்தபோது நான் சிரித்தேன். பக்கியைப் பற்றி அந்தக் கோட்டையில் என்னைவிட அதிகம் யோசித்தவன் கிடையாது. காரணம், கோட்டை வைத்தியர். அவர் ஒல்லாந்துக்காரர். அவருடைய பாஷையில் இந்தப் பறவைக்கு ஆட்டைக் கறப்பவன் என்று பெயர். இருட்டில் பட்டிக்குள் நுழைந்து ஆட்டின் மடியில் வாய் வைத்துக் குடித்துவிடுமாம், அப்புறம் அந்த ஆட்டுக்கு மடி வற்றிவிடுமாம். அதை அவர் எனக்கு ஒரு அச்சுப் புத்தகத்திலேயே காட்டினார். நான் எழுத்துக்கூட்டி வாசித்தேன். எழுதியவர் தானே பார்த்ததாக எழுதவில்லை. இன்னொரு பழைய புத்தகத்தில் இருக்கிறது என்று எழுதியிருந்தார்.

வைத்தியர் அகழிக்கரையில் இரண்டு பக்கியைச் சுட்டு மேஜைமேல் போட்டிருந்தார். ஒன்று கல்லுப்பக்கி, ஒன்று சாவுப்பக்கி, இரண்டும் ஆண். வயிற்றை அறுத்தார். விட்டிலும் வண்டும் ஈசலுமாக ஒரு பிடி வந்தது. பால் எங்கே ஐயா என்று கேட்டேன். இவை இன்றைக்கு ஆட்டைக் கண்டுபிடிக்கவில்லை போலிருக்கிறது என்றார். அக்காவிடம் இதைச் சொன்னபோது அவளுக்குப் புரையேறிவிட்டது. "அந்த வாயிக்குள்ள காம்பு போனா ஆடு சும்மா நிக்குமாடா? ஒரே ஒதையில பக்கி ஒல்லாந்துக்கே போய் வியுந்திருக்குமே!" என்றாள்.

ஆனால் அந்த மேஜைக்கு நான் கடன்பட்டிருக்கிறேன். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் வாய்ப்பு எல்லாருக்கும் கிடைப்பதில்லை. கல்லுப்பக்கி கொஞ்சம் சிறியது, மணல் நிறம், பிடரியில் செம்பழுப்பாக ஒரு பட்டை கழுத்தில் போட்ட துண்டு மாதிரி சுற்றியிருக்கும், உச்சந்தலையில் கறுப்புக் கோடுகள் அழுத்தமாக இருக்கும். சாவுப்பக்கிக்கு அந்தப் பட்டை இல்லை, உடம்பெல்லாம் மங்கலாகக் கலந்த நிறம். உறுதியான அடையாளம் வாலில் இருக்கிறது. கல்லுப்பக்கியின் வாலோர இறகுகளில் நுனி மட்டும் வெள்ளை. சாவுப்பக்கி ஆணுக்கு வாலின் இரண்டு ஓரங்களும் ஏறக்குறைய முழுக்க வெள்ளை, வேட்டிக்கரை மாதிரி. வட்டமடித்துத் திரும்பும்போது வால் விரியும். அப்போது அதைப் பார்த்துவிடலாம், கத்தத் தேவையில்லை.

குலுக்கலுக்கு முந்தின நாள், புதன்கிழமை, பிற்பகலிலேயே படகில் ஏறித் தோணிரேவுக்குப் போனேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: அது கல்லுப்பக்கியாக இருக்கவேண்டும் என்றுதான் ஆசைப்பட்டேன். கத்தாத பக்கியைக் கூரையில் உட்கார்ந்ததை வைத்துச் சாவுப்பக்கி என்று முடிவுகட்டினார்கள். தரையில் உட்கார்ந்தால் அது, கூரையில் உட்கார்ந்தால் இது என்று ஊரில் ஒரு கணக்கு உண்டு. அது தப்பான கணக்கு. ஒரு நிமிஷத்தில் நிரூபித்துவிட்டு, கூழ் குடித்துவிட்டுத் திரும்பலாம் என்றிருந்தேன்.

மேற்கே வெளிச்சம் இன்னும் மிச்சமிருந்தபோதே அது வந்தது. கூரைமுகட்டில் உட்கார்ந்தது. எழும்பியது. விளக்கைச் சுற்றித் திரும்பும்போது வால் விரிந்தது. இரண்டு ஓரமும் முழு வெள்ளை. பிடரியில் பட்டை இல்லை. மறுபடி திரும்பியது, மறுபடி பார்த்தேன். போதாததற்கு, எனக்குப் பதில் சொல்வதுபோல ஒரு கீச்சும் கத்திவிட்டுப் போனது.

அக்கா வலையிலிருந்து தலை நிமிரவில்லை.

"இன்னாடா, பேச்சு மூச்சக் காணோம்?"

"அக்கா, அது சாவுப்பக்கிதான்."

"சரி."

"வாலு முழுக்க வெள்ளை. நல்லாப் பாத்துட்டேன்."

"நான்தான் சரின்னேனே. தெனம் பாக்கறவ நானு. எனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சுகினே ஏன் சும்மா இருந்தே? நான் கல்லுப்பக்கினு நிரூபிக்கலாம்னு வந்தேன்."

அப்போதுதான் அவள் ஊசியைக் கீழே வைத்தாள். "நீ நிரூபிச்சிருந்தா எனக்குப் பாடு வந்திருக்கும். இல்லியா? அப்போ என் பாடு அந்தக் குருவியோட வாலுலதான் கீதா? நாளிக்கி வேற குருவி வந்தா, பாடு போய்டுமா? நான் கேட்டது என் வூட்டுப் பங்கு. குருவி இன்னா ஜாதினு எவனும் பாக்கவாணாம். நீயும் பாக்கவாணாம்."

சொல்லிக்கொண்டிருக்கும்போதே மாமாவின் தம்பி வேலிப்பக்கம் வந்து நின்றார். என்னைப் பார்த்ததும் குரலில் தேன் தடவிக்கொண்டார்.

"வாங்க மச்சான். நீங்களே அண்ணிக்கு எடுத்துச் சொல்லுங்க. இந்த வெளக்க ஒரு மாசம் அணைச்சு வெச்சா பக்கி தானாப் போய்டும். இந்தத் தபா பாட்ட நான் பாத்துக்கறேன். அடுத்த தபா அவுங்களே போடட்டும். இதுல இன்னா கீது?"

"வெளக்க அணைச்சா வலைய எப்பிடிப்பா பின்றது?" என்றாள் அக்கா.

"வலை எதுக்கு அண்ணி இப்போ?"

"அதானே பாத்தேன்," என்று அவள் திரியைத் தூண்டிவிட்டாள். வெளிச்சம் அவர் முகத்தில் விழுந்ததும், அவர் கூரையை ஒரு தடவை அண்ணாந்து பார்த்துவிட்டு, வேலியை விட்டு இரண்டடி தள்ளி நின்றுகொண்டார்.

மறுநாள் அம்மன் கோயில் முன்னால் பானை வைத்தார்கள். எல்லா வீட்டுச் சிப்பியும் விழுந்தது. அக்கா முறை வந்ததும் பெரியதனக்காரர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"எம்மா, கொஞ்சம் இரு. உன் தம்பி வந்துகீறாரு. படிச்சவரு. அவரையே கேட்டுடுவோம். எழுத்துக்காரரே, நீங்க பாத்தீங்களா? அது எந்தப் பக்கி?"

கல்லுப்பக்கி என்று ஒரு வார்த்தை போதும், காரியம் முடிந்துவிடும் என்று அவர் கண்ணே சொன்னது. அவருக்கும் இந்தத் தலைவலி தீரவேண்டும். மாமாவின் தம்பிக்கும் அது தெரிந்து, "அவுரு அக்காவுக்குத்தானே பேசுவாரு" என்று முன்கூட்டியே முணுமுணுத்தார்.

"சாவுப்பக்கிதான்," என்றேன்.

கூட்டத்தில் சத்தம் எழுந்தது. பின்னால் ஒருவர், "அடப்பாவி, சொந்த அக்காவையே கவுத்துட்டானே!" என்றார். சிலர் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை, என்னைப் பார்த்து லேசாகத் தலையாட்டினாள்.

நான் விடவில்லை. "இன்னும் முடிக்கல. ஒண்ணு கேக்கறேன், யோசிச்சுச் சொல்லுங்க. இந்த ஊர்ல பொழுது போனப்புறம் வெளக்கு எந்த வூட்ல எரியும்? எண்ணெய மிச்சம் பண்ண எல்லாரும் ஊதி அணைச்சிட்றோம். ஜுரம் கண்ட வூட்லயும், பொணம் கெடக்கிற வூட்லயும்தான் விடிய விடிய எரியும். எங்க நைனா படுத்தப்போ எங்க அம்மா வெளக்கு ஏத்தினது செவ்வாக்கெயம. பக்கி வந்தது அதுக்கப்புறம்தான். நைனாவுக்கு ஜுரம் வந்து அப்பவே பத்து நாளு. பக்கி ஜுரத்தக் கொண்டாரல. வெளக்குக்கு வந்துச்சு, பூச்சி துன்ன. உங்க வூட்லயும் அப்பிடித்தானே? எது மொதல்ல வந்துச்சு?"

ஒரு கிழவர், "எங்க அண்ணனுக்கும் வெளக்கு வெச்சப்புறந்தான்..." என்று ஆரம்பித்து, சுற்றிலும் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். பெரியதனக்காரர் தாடையைச் சொறிந்தார்.

"நீங்க சொல்றது நாயமாத்தான் கீது. ஆனா எங்க தாத்தன் காலத்துலேந்து வர்றது. நான் ஒருத்தன் மாத்த முடியாது. எம்மா, இந்தத் தபா விட்டுக்குடு."

இந்த இடத்தை நான் நன்றாக நினைவில் வைத்திருக்கிறேன். என் வாதம் தோற்றுவிட்டது. கோட்டைச் சுவருக்குள் வைத்தியரிடம் தோற்றதைப் போலவே, கோயில் முன்னாலும் தோற்றேன். இரண்டு இடத்திலும் மறுத்துப் பேச யாராலும் முடியவில்லை. ஆனாலும் நம்புகிறதை யாரும் விடவில்லை.

அக்கா முந்தானை முடிச்சை அவிழ்த்துச் சிப்பியை எடுத்தாள். மாமா கீறிய குறி, ஒரு துடுப்பும் அதன் குறுக்கே ஒரு கோடும். யாரிடமும் எதுவும் கேட்காமல் இரண்டடி முன்னால் வைத்து, பானைக்குள் போட்டாள். மற்றச் சிப்பிகள்மேல் அது விழுந்த ஓசை எல்லாருக்கும் கேட்டது.

"எடுறா அத!" என்று பெரியதனக்காரர் மாமாவின் தம்பியைப் பார்த்துக் கத்தினார்.

மாமாவின் தம்பி ஓரடி முன்னால் வந்தார். பானைக்குள் எட்டிப் பார்த்தார். கையை நீட்டினார். பிறகு மடக்கிக்கொண்டார்.

"இன்னாடா நிக்கிற?"

"பெரிவரே... நான் எப்பிடி... அந்த வூட்டுச் சிப்பியாச்சே."

"உங்க அண்ணன் வூட்டுச் சிப்பிதானேடா! பங்க மட்டும் கேட்ட, சிப்பிய எடுக்க மாட்டியா?" என்று பின்னாலிருந்து ஒரு பெண் குரல் கொடுத்தாள். இப்போது கூட்டம் வாய்விட்டுச் சிரித்தது. பெரியதனக்காரர் அடுத்த ஆளைப் பார்த்தார். அந்த ஆள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். ஊரைப் பயமுறுத்துவதற்காக மாமாவின் தம்பி ஒரு வாரம் வீடுவீடாகப் போய் வளர்த்த பயம் அது. நன்றாகவே வளர்த்திருந்தார். எடுத்தால் பருவம் முழுக்க மீன் படாது, தொட்டால் சாவு ஒட்டும். இரண்டு நம்பிக்கைக்கும் நடுவில் சிப்பி பத்திரமாக உட்கார்ந்திருந்தது.

"சரி, குலுக்குங்க," என்றார் பெரியதனக்காரர், தொண்டையைச் செருமிக்கொண்டு.

பூசாரி நகரவில்லை. "எனக்குப் புள்ளகுட்டி கீதுபா," என்றார்.

அப்போது அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். "ஏண்டா, உனக்குத்தான் இந்த ஏரில பங்கு இல்லியே?"

நான் போய்ப் பானைமுன் உட்கார்ந்து சட்டைக்கையைச் சுருட்டினேன். மேலாக இருந்த சிப்பியை எடுப்பேன் என்று யாரும் சொல்லக்கூடாது என்பதற்காக, எல்லாருக்கும் தெரியும்படி பானையை நன்றாக உலுக்கினேன். பெரியதனக்காரர் ஒவ்வொரு இடமாகச் சொல்லச் சொல்ல, நான் ஒவ்வொரு சிப்பியாக எடுத்து உயர்த்திக் காட்டினேன். முகத்துவாரத்து இடங்கள் வேறு வீடுகளுக்குப் போயின. மாமாவின் தம்பிக்கும் நல்ல இடம்தான் விழுந்தது. துடுப்புக் குறி கடைசிக்குச் சற்று முன்னால் வந்தது, சுண்ணாம்புக்குளத்துப் பக்கத்துச் சேற்றுக்கு. யாரும் அதைக் கையில் வாங்கவில்லை. அக்கா வந்து வாங்கிக்கொண்டாள்.

அந்தப் பருவத்தில் அவளுக்குப் பெரிதாக ஒன்றும் படவில்லை. கூலிக்கு வலை கட்ட வந்த ஆட்களும் இரண்டு நாளைக்கு ஒருமுறை பயந்துகொண்டு வராமல் போனார்கள். அப்போதெல்லாம் அவளே சேலையை ஏறக்கட்டிக்கொண்டு இறங்கினாள். வலை கிழிந்தால் மாலையில் அதே விளக்கடியில் உட்கார்ந்து தைத்தாள். பக்கியும் வந்தது. மாமாவின் தம்பி, நான் சொன்னேனே பார்த்தீர்களா, அந்த வீட்டுக்கு மீனே படவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார். அந்த வீட்டில் யாரும் சாகவில்லை என்பதை யாரும் சொல்லிக்கொண்டிருக்கவில்லை. எல்லாச் சிப்பியையும் தொட்ட நானும் சாகவில்லை. இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

அதனால்தான் அவர்கள் கதையை மாற்றவேண்டியிருந்தது என்று நினைக்கிறேன். அது சாவுப்பக்கியாக இருந்து யாரும் சாகவில்லை என்றால், பெரியதனக்காரரும் பூசாரியும் கையைக் கட்டிக்கொண்டு நின்றது எதற்காக? ஆகவே அது கல்லுப்பக்கியாகிவிட்டது, நான் சொல்லித்தான் ஆனது என்றும் ஆகிவிட்டது. எனக்குப் பொய்யன் என்ற பெயர் வந்ததில் அவர்களுக்கு நஷ்டம் இல்லை. எனக்கு இருக்கிறது. வாலின் இரண்டு ஓரமும் முழு வெள்ளை, பிடரியில் பட்டை இல்லை, பறந்தபடியே ஒற்றைக் கீச்சு. நான் பார்த்தது அதுதான், கூட்டத்தில் சொன்னதும் அதுதான்.

அடுத்த குலுக்கல் ஆவணியில் வந்தது. பானை வைக்கும்முன்பே அக்கா வந்து முதல் ஆளாக நின்றாள். "பெரிவரே, கூரைமேல குருவி இன்னும் கீது. சொல்லிட்டேன்," என்றாள். அவர் மேலே பார்த்தார், கீழே பார்த்தார், பானையை அவள் பக்கம் நகர்த்தினார்.